இடப்பக்க இருக்கை

வண்டியின் நிறம் வெள்ளியா, சாம்பலா என்று இப்போது கேட்டால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்த வீட்டாரே ஆளுக்கொன்று சொல்கிறார்கள். வருஷம் இரண்டாயிரத்து எட்டா ஒன்பதா என்பதிலும் குழப்பம்தான். பலாப்பழ லோடு மலையிலிருந்து இறங்கிக் கொண்டிருந்த பருவம் என்பது மட்டும் நிச்சயம். மற்றதையெல்லாம் நினைவு தன் போக்கில் மாற்றி வைத்திருக்கலாம். ஆனால் சாவி தொங்கிய இடத்தில் தப்பு வராது. கூடத்துக் கதவுக்கு மேலே, நஸீம் பானுவின் கைக்கு எட்டாத உயரத்தில் ஓர் ஆணி. அதில்தான் தொங்கியது.

அன்று காலை அவள் அந்த ஆணியைப் பார்க்காமலே நாலைந்து தடவை கூடத்தைக் கடந்தாள். ஒரு கையில் தலையணை, இன்னொரு கையில் வெந்நீர் பிளாஸ்க். மலைமேல் வளப்பூர் நாடு என்ற ஊரிலிருந்து மகள் தஹ்ஸீனைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வர வேண்டிய நாள்.

"தலகாணியெல்லாம் பின்சீட்டுல போடு" என்றாள் நசீபா, ஊஞ்சலில் உட்கார்ந்து வெற்றிலைக் காம்பு கிள்ளியபடி. நஸீமின் கணவர் அப்துல் கரீமுக்கு அக்கா. புருஷன் இறந்ததிலிருந்து தம்பி வீட்டில்தான் இருக்கிறாள். "நீயும் பின்னாடியே உக்காந்துக்க. ஸ்டீரிங்கு பக்கம் கண்ணு போச்சுன்னு வையி…! ஒருக்கா செவுத்துல முட்டுனது போதாதா? இப்ப வவுத்துப் புள்ளக்காரிய வேற கூட்டியாரோணும்!"

"சரிங்க அண்ணி."

"சரிங்க, சரிங்க… இந்தச் 'சரிங்க'வுக்கு மட்டும் கொறச்சலில்ல!"

சொல்லிவிட்டு நசீபா வாசலைப் பார்த்தாள். அங்கே கரீம் குனிந்து டயரைத் தட்டிக் காற்றுப் பார்த்துக் கொண்டிருந்தார். காலையிலிருந்து மூன்றாவது தடவை. அவர் தலை நிமிரவில்லை.

நஸீமுக்குத் தெரியும், டயரில் ஒன்றுமில்லை என்று.

கரீம் மலையடிவாரத்துக் காரவள்ளியில் மிளகும் பலாவும் வாங்கி விற்கிற வியாபாரி. அதற்கு முன் ஜீப்காரர். மலைக்கு ஜீப் ஓட்டுகிற ஆட்களில் பாதிப்பேர் அவரிடம் தொழில் பழகியவர்கள். இன்றைக்கும் ஸ்டாண்டில் அவருக்குப் பெயர் 'வாத்தியார்'தான். முதுகுவலி வந்து ஜீப்பை விற்றபின், மகளைக் கட்டிக்கொடுத்த இடம் மலைமேல் என்பதால், சேலத்துக்குப் போய் இந்த வண்டியை வாங்கினார். ஜீப்பும் இல்லை, காரும் இல்லை. உயரமாக நிற்கும், பின்கதவில் ஸ்டெப்னி தொங்கும், ஆனால் உள்ளே ஏறினால் கார் மாதிரி மெத்தென்று இருக்கும். "ஜீப்புக்கும் காருக்கும் பொறந்த புள்ளைங்க இது" என்று ஸ்டாண்டில் சிரித்தார்கள். ஷோரூம் பையன் அதைச் சின்ன எஸ்யூவி என்றான். மலை ஆள் என்று தெரிந்ததும், "இறக்கத்துல எஞ்சின மட்டும் நிறுத்திராதீங்க சார்" என்றான். கரீம் சிரித்தார். நஸீம் சிரிக்கவில்லை, மனதில் வாங்கி வைத்துக்கொண்டாள்.

அந்த வண்டியில்தான் அவர் அவளுக்கு ஓட்டக் கற்றுக் கொடுத்தார். அதைச் சொல்லியாக வேண்டும். இருபத்தைந்து வருஷ வாழ்க்கையில் அவர் அவ்வளவு பொறுமையாகப் பேசி அவள் கேட்டதில்லை. "கிளச்ச மெல்ல விடு நஸீமு… கோழிக்குஞ்ச கீழ விடற மாதிரி." உயரமான அந்த இருக்கையிலிருந்து பார்த்தால் சாலை முழுவதும் தெரிந்தது. எப்போதும் யாரோ ஒருவர் முதுகுக்குப் பின்னாலிருந்தே உலகத்தைப் பார்த்தவளுக்கு அது என்னவோ போலிருந்தது. லைசென்ஸ் எடுத்தாள். சந்தைக்கு ஓட்டினாள். மலைக்குக்கூட ஓரிரு தடவை ஓட்டிப் போனாள்.

பக்ரீத் முடிந்த வாரம் அது நடந்தது. மகளைப் பார்த்துவிட்டு இருவரும் இறங்கிக் கொண்டிருந்தார்கள். ஓட்டியது கரீம். அவள் இடப்பக்க இருக்கையில், பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு வளைவு தாண்டியதும் அவர் கை பழக்கதோஷத்தில் சாவிக்குப் போனது. மலை ஜீப்காரர்கள் அந்தக் காலத்தில் எல்லோரும் செய்ததுதான்: இறக்கத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு வண்டியை அதன் போக்கில் உருளவிட்டால் டீசல் மிச்சம்.

"ஏனுங்க, வேண்டாமுங்க… அந்தப் பையன் சொன்னானில்ல…"

"முப்பது வருசமா இறங்குற ரோடு. நீ சும்மா இரு."

பழைய ஜீப்புக்கு அது பொருந்தும். இந்த வண்டிக்கு எஞ்சின் ஓடினால்தான் பிரேக்குக்குப் பலம், ஸ்டீரிங்குக்கும் பலம். இரண்டு தடவை மிதித்தபின் பிரேக் கல்லாகிவிட்டது. ஸ்டீரிங் திரும்ப மறுத்தது. அடுத்த வளைவில் வண்டியின் இடப்பக்கம் தடுப்புச் சுவரில் மோதி, கொஞ்ச தூரம் தேய்த்துக்கொண்டே போய் நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. மரங்களின் உச்சி மட்டும்தான்.

இருவரும் இறங்கி நின்றார்கள். கரீம் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் வேட்டி மடிப்பில் புதைத்துக் கொண்டார். அப்போதுதான் பின்னால் நாச்சிமுத்துவின் ஜீப் வந்தது. அவரிடம் தொழில் பழகியவன். ஜீப் நிறைய ஆட்கள். எல்லோரும் குதித்து ஓடி வந்தார்கள்.

"ஐயோ… வாத்தியாரே! என்னாச்சுங்க? யாருங்க ஓட்டுனது?"

அத்தனை பேர் முன்னால் கரீமின் முகம் குனிந்ததை நஸீம் பார்த்தாள். அவளால் அதைத் தாங்க முடியவில்லை.

"நாந்தாங்க ஓட்டுனேன்" என்றாள்.

கரீம் அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"அதான பாத்தேன்! வாத்தியார் கை தப்புமா? நீங்க எதுக்குங்க வாத்தியாரே பொம்பளைங்க கையில போயி குடுத்தீங்க!" என்றான் நாச்சிமுத்து. ஆட்கள் சிரித்தார்கள். பயம் விலகிய சிரிப்பு. கரீம் சிரிக்கவில்லை. மறுக்கவும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் சொல்வார் என்று நினைத்தாள். அன்று சொல்லவில்லை. மறுநாள் சொல்வார் என்று நினைத்தாள். ஒருநாள் தள்ளிப்போன உண்மை மறுநாள் இரண்டு மடங்கு கனத்துவிடுகிறது. அவர் பேச்சையே குறைத்துக்கொண்டார். சாப்பிடும்போது பேச்சில்லை, படுக்கும்போது பேச்சில்லை. வண்டி பட்டறையிலிருந்து வந்த நாளில் நசீபா ஸ்டூல் போட்டு ஏறி அந்த ஆணியை அடித்து, சாவியை அதில் மாட்டினாள். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாள். மகள் ஒருநாள் போனில், "அம்மா, அத்தாவோட முதுகுக்கு ஏதாச்சும் ஆயிருந்தா என்னம்மா பண்ணியிருப்ப? ஒனக்கெதுக்கும்மா இந்த வயசுல ஆசை…" என்று அழுதபோது மட்டும் பொறுக்க முடியவில்லை. போனை வைத்துவிட்டு அடுப்படியில் வெகுநேரம் நின்றாள். பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்து போயிற்று.

அதன்பின் கரீம் சமவெளியில் மட்டும் ஓட்டினார். மலைக்குப் போக வேண்டியிருந்தால் பஸ். கேட்டவர்களிடம் முதுகுவலி என்றார். இன்றைக்கு அந்தச் சாக்கு செல்லாது. நிறைமாதத்துக்காரியைப் பஸ்ஸில் அழைத்து வர முடியாது.

ஏறும்போது ஒன்றுமில்லை. ஏற்றத்தில் வண்டி தானாகவே அடங்கி நடந்தது. வளப்பூரில் மருமகன் ரியாசுதீன் பைகளோடு வாசலில் நின்றான். அவன் அங்கே பள்ளிக்கூட ஆசிரியர். தஹ்ஸீன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்தாள். நஸீம் ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள்.

"மெல்ல வா கண்ணு…"

"அம்மா, அத்தாதான ஓட்டுறாங்க?" என்றாள் மகள், முதல் பேச்சாக.

"ஆமா கண்ணு."

"தப்பா நெனச்சுக்காதீங்க மாமி" என்றான் ரியாசுதீன் பணிவாக. "எங்கம்மாவும் அதேதான் போன்ல கேட்டாங்க. நீங்க ஓட்டுறதா இருந்தா அனுப்ப வேண்டாம்னுட்டாங்க…"

"நா எதுக்குங்க தம்பி தப்பா நெனைக்கறேன்" என்றாள் நஸீம். கரீம் பையை வாங்கி வண்டியில் வைத்தார். அந்த வேலையை அவர் தேவைக்கு மேல் நேரமெடுத்துச் செய்தார்.

மகளும் மருமகனும் பின்னால், நஸீம் இடப்பக்கத்தில். இறக்கம் தொடங்குகிற முதல் வளைவு. பள்ளத்தில் காரவள்ளி தீப்பெட்டி தீப்பெட்டியாகத் தெரிந்தது. கரீமின் கை பழைய வழக்கப்படி சாவியை நோக்கிப் போனது. பாதியில் நின்றது. நெருப்பைத் தொட்டதுபோல் பின்வாங்கியது. வண்டியை ஓரம் கட்டினார். நெற்றியெல்லாம் வேர்வை.

"என்னங்க அத்தா?" என்றாள் தஹ்ஸீன்.

எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. பின்னால் ஒரு ஜீப் வந்து நின்று ஹாரன் அடித்தது. நாச்சிமுத்து தலையை நீட்டினான்.

"என்னங்க வாத்தியாரே, நடுவழியில நின்னுட்டீங்க? அக்கா மறுபடியும் ஓட்டக் கேக்கறாங்களா? செவுறு பாவம், போன தடவை அடிச்ச சுண்ணாம்பே இன்னும் காயல!"

ஜீப்பில் சிரிப்பு எழுந்தது. கரீம் கதவைத் திறந்து இறங்கினார். சாலை நடுவில் நின்றார்.

"சிரிக்காத நாச்சிமுத்து. அன்னைக்கு ஓட்டுனது அவ இல்ல. நானு."

சிரிப்பு நின்றது.

"எஞ்சின நிறுத்தாதீங்கன்னு சொன்னா. நாங் கேக்கல. முட்டுனது நானு. உங்க முன்னாடி எந்தலை எறங்கக் கூடாதுன்னு அவ பழிய ஏத்துக்கிட்டா… நா பாத்துட்டு நின்னேன். இத்தன மாசமா பாத்துட்டுத்தான் இருந்தேன்."

நாச்சிமுத்து ஜீப்பிலிருந்து இறங்கித் தலைத்துண்டை அவிழ்த்தான். அதைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றான். "நீங்க எனக்குக் கத்துக் குடுத்ததும் அதே பழக்கந்தானுங்க" என்றான் கடைசியில், மெதுவாக.

கரீம் இடப்பக்கம் வந்து நஸீமின் கதவைத் திறந்தார். "நீ ஓட்டு நஸீமு. எனக்கு… பயமா இருக்குது. புள்ளைய வச்சுக்கிட்டு என்னால இறங்க முடியாது."

அவள் அசையவில்லை. நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். காற்றில் எங்கோ பழுத்த பலா மணத்தது. அவர் கதவைப் பிடித்தபடியே நின்றார்.

"ஊருக்குச் சொல்லலைன்னு எனக்கு வருத்தமில்லீங்க" என்றாள் கடைசியில். "அத நாந்தான் எடுத்துக்கிட்டேன். ஆனா புள்ளைகிட்ட…! உங்க புள்ளைகிட்டயாச்சும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்லீங்க? எங்கம்மா கையில என்ற உசிரு பத்திரமில்லன்னு அவ நெனச்சுட்டாளே… அத எப்படிங்க கேட்டுக்கிட்டு இருந்தீங்க!"

பின்சீட்டிலிருந்து தஹ்ஸீன் முன்னால் குனிந்தாள். வயிறு இடித்தது, பொருட்படுத்தாமல் கையை நீட்டி அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "அம்மா… என்னைய மன்னிச்சிரும்மா… நா என்னென்னமோ பேசிட்டேனே…"

"அழுவாத கண்ணு. இந்த நேரத்துல அழுவக் கூடாது." மகளின் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அவள்தான் அழுதாள்.

பிறகு முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கி வலப்பக்கம் போனாள். இருக்கையை முன்னால் இழுத்தாள். கண்ணாடியைச் சரிசெய்தாள். "பெல்ட்டப் போடுங்க" என்றாள். கரீம் இடப்பக்கத்தில் உட்கார்ந்து, சொன்னபடி போட்டுக்கொண்டார்.

"பிஸ்மில்லா…"

இரண்டாம் கியரில் வண்டி இறங்கியது. எஞ்சின் முனகியபடி அதைப் பிடித்துப் பிடித்து விட்டது. ஒவ்வொரு வளைவிலும் ஹாரன். ஏறி வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கி வழிவிட்டாள். அந்தச் சுவர் வந்தது. பெயர்ந்த இடம் வேறு நிறத்தில் பூசியிருந்தது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பின்னால் நாச்சிமுத்துவின் ஜீப் முந்தாமல், ஹாரன் அடிக்காமல், அடிவாரம் வரை வந்தது.

வாசலில் நசீபா நின்றிருந்தாள். வலப்பக்கக் கதவிலிருந்து நஸீம் இறங்குவதைப் பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள்.

"சொல்லிட்டியா?" என்றாள்.

கரீம் திகைத்தார். "ஒனக்கு… தெரியுமாக்கா?"

"இவ தோளுக்கு ஒத்தடம் குடுத்தது யாரு? நாந்தான? பெல்ட்டு அழுத்துன காயம் இடது தோள்ல இருந்துச்சு. ஓட்டுறவளுக்கு வலது தோள்ல இல்ல இருந்திருக்கோணும்! அன்னைக்கே தெரியும். எந்தம்பி வாயால வரட்டும்னு இருந்தேன். இவள ஏசுறப்பல்லாம் உன்ற மூஞ்சியத்தான்டா பாத்துட்டு இருந்தேன்… இப்பவாச்சும் ரோசம் வரும், இப்பவாச்சும் வரும்னு…!"

நஸீம் அவளையே பார்த்தாள்.

"அவருக்கு ரோசம் வர்றதுக்கு நாந்தானுங்களா அண்ணி கெடச்சேன்?" என்றாள். சத்தம் போடவில்லை.

நசீபா கூடத்துக்குள் போய் ஊஞ்சலருகில் கிடந்த ஸ்டூலைக் கதவடியில் இழுத்துப் போட்டு, மூட்டு வலியோடு ஏறி, அந்த ஆணியைப் பிடுங்க முயன்றாள். வரவில்லை. நஸீம் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போய் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள்.

"எறங்குங்க அண்ணி. விழுந்து வெக்கப் போறீங்க."

இறங்கியவள் அப்படியே நஸீமின் இடது தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, சிறுபிள்ளை மாதிரி விம்மினாள்.

தஹ்ஸீனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நாமக்கல் ஆஸ்பத்திரிக்கு நஸீம்தான் ஓட்டிப் போனாள். பிறகு ரியாசுதீனுக்கு ராசிபுரம் பக்கம் மாற்றலாகிவிட்டது. நாச்சிமுத்து இறக்கத்தில் எஞ்சினை நிறுத்துவதை விட்டான். தன்னிடம் பழகுகிறவர்களுக்கும் வேண்டாமென்று சொல்கிறான். நசீபா நாலு வருஷம் கழித்து, ஒரு நோன்பு மாதத்தில் காலமானாள். கரீம் மலைக்கு மறுபடி ஓட்டவில்லை. மிளகு வாங்க, இடப்பக்க இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார்ந்து போய்வருகிறார். முன்னைவிடக் கொஞ்சம் அதிகமாகப் பேசுகிறார். வண்டியை நஸீம் இன்னும் விற்கவில்லை. ஆணி அங்கேயேதான் இருக்கிறது. அதில் இப்போது காலண்டர் தொங்குகிறது.