வெள்ளைத் தொப்பி

சண்முகையாவின் தலையில் வெள்ளைத் தொப்பி அப்படியே இருந்தது.

நெஞ்சில்தான் குண்டு.

நூற்பாலை இரைச்சலில் வெடிச் சத்தம் பொன்செல்விக்குக் கேட்கவில்லை. அடுத்த பிரிவிலிருந்து ஆள் வந்து தோளைத் தொட்டபோதுதான் ஓடினாள்.

அவள் புருஷன்...

சுட்டவன் இசக்கித்துரை. மேனேஜர் பெத்துராஜ் அவனை வேலையைவிட்டு நீக்கி மூன்று வாரம். ராயகிரித் தோட்டத்தில் பன்றி விரட்ட அவன் அப்பா லைசென்ஸ் வாங்கிய துப்பாக்கி.

விலங்கு மாட்டியபோது அழுதான்.

"எல்லாரும் மாஸ்க் போட்டிருந்தாங்க மேடம். வெள்ளத் தொப்பியப் பாத்து மேனேஜர்னு சுட்டுட்டேன். சண்முகையாண்ணன் என் கல்யாணத்துல பந்தி பரிமாறுன மனுசன்..."

இன்ஸ்பெக்டர் ரசீதா பெத்துராஜைப் பார்த்தாள். ஆலையில் அவருக்கு மட்டும்தான் வெள்ளை. தொழிலாளிகளுக்கு நீலம்.

"ரூம்ல மாட்டியிருந்தேன். கேக்காம எடுத்திருக்கான்," என்றார் பெத்துராஜ்.

பொன்செல்வி நிமிர்ந்தாள்.

"கேக்காமலா? வீட்டுல தண்ணிச் செம்பக்கூட கேட்டுத்தான் எடுப்பாரு."

காலையில் சண்முகையா அவள் காதருகே வந்து கத்தினானே...

"ஏட்டி, மேனேஜரே குடுத்தாரு. இன்னைக்கு நாந்தான் மேற்பார்வை. எப்படி இருக்கேன்?"

"கொக்கு மாதிரி இருக்கீங்க. போயி வேலையப் பாருங்க."

அவனிடம் அவள் கடைசியாகப் பேசியது அதுதான்.

அதை ரசீதாவிடம் சொன்னாள்.

"பொண்டாட்டி வேற எப்படிச் சொல்லுவா?" என்றார் பெத்துராஜ்.

"அப்ப, அவரு நீலத் தொப்பி எங்க?" என்றாள் பொன்செல்வி.

பெத்துராஜின் கை பேண்ட் பாக்கெட்டுக்குப் போனது. ரசீதாவின் கை முந்தியது.

நீலத் துணி!

"இது... ஸ்டோர்ல எடுத்தது மேடம்."

"உள்பக்கம் பாருங்க மேடம்," என்றாள் பொன்செல்வி. "சலவையில மாறிரக்கூடாதுன்னு செவப்பு நூல்ல வேல் தச்சிருக்கேன்."

ரசீதா திருப்பினாள். சிவப்பு வேல்.

"துப்பாக்கியோட வாரேன்னு ஒம்பது மணிக்கே மேனேஜருக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டுத்தான் வந்தேன்," என்றான் இசக்கித்துரை.

ரசீதா பெத்துராஜின் போனை வாங்கிப் பார்த்தாள். ஒன்பது மூன்றுக்கு இசக்கித்துரையின் அழைப்பு. அதன்பின் இவர் யாரையும் அழைக்கவில்லை.

"போலீசக் கூப்பிடாம தொப்பிய மாத்தியிருக்கீங்க."

"நான் ஒரு குண்டுகூட சுடல மேடம்."

"தெரியும் சார். குறி மட்டும் வச்சுக் குடுத்தீங்க."

பொன்செல்வி நீலத் தொப்பியை ஒரு தடவை வாங்கி முகத்தோடு வைத்துக்கொண்டாள். அதில் வேறு யாருடைய தலைத் தைலமோ மணத்தது. திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

பெத்துராஜை ஜீப்பில் ஏற்றினார்கள்.

"கவலப்படாதீங்க சார்," என்றாள் ரசீதா. "ஜெயில்ல எல்லாருக்கும் ஒரே கலர்தான். மாத்திப் போட ஆள் தேட வேண்டாம்."