தோளைத் தொடும்வரை

லவோன் விழித்தபோது வீட்டுக்குள் ஈரச் சிமெண்ட் வாசனை அடித்தது.

லாஸ் வேகாஸில் இரவு வேலைக்குப் போகிறவர்களைப் போல அவளும் ஜன்னல்களில் அலுமினியத் தாள் ஒட்டியிருந்தாள். வெளியே நண்பகல் வெயில் தார்ச்சாலையை உருக்கிக்கொண்டிருக்க, உள்ளே கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒரே இருட்டு. அந்த இருட்டுக்குள், சுவருக்கு அப்பால், கணவன் டுவைட் கேசினோக்களில் பணத்துக்குப் பதில் வைத்து ஆடும் சில்லுகளைச் சேர்த்து வைத்திருக்கும் அறையில், யாரோ சில்லுகளை இரண்டு அடுக்காகப் பிரித்து ஒன்றுக்குள் ஒன்று சரியவிடும் சத்தம், தகரத்தில் தூறல் விழுவதுபோல நிதானமாகக் கேட்டது.

டுவைட்டுக்கு அப்படி உருட்டத் தெரியாது. விரல் பட்டாலே சில்லு கெட்டுவிடும் என்று உறையோடு வைத்துப் பார்க்கிற ஆள் அவன். இது லவோனைப் போல கேசினோ மேசைக்குப் பின்னால் காலமெல்லாம் நின்று சீட்டுப் போட்ட கை. பெண் கை. அந்த எண்ணம் வந்தபின் தூக்கம் ஏது.

முந்தின வாரமே கேட்டுவிட்டாள்.

"நான் தூங்குறப்ப எவளக் கூட்டிட்டு வர்ற?"

"ஏர்போர்ட்டுக்கு வேன் ஓட்டவே நேரம் பத்தல. இதுல எவள?"

"அப்ப சில்லு உருட்டுறது யாரு, பூனையா?"

"நம்ம வீட்லதான் பூனையே இல்லியே."

"அதத்தான் நானும் சொல்றேன்."

அவன் சிரித்து மழுப்பி, சில நாள் முன்பு வாங்கி வந்திருந்த சில்லை நீட்டினான். "கோவத்த விட்டுட்டு இதப் பாரு. சில்வர் மேசா கேசினோவ மூடுனப்ப அடிச்ச நினைவுச் சில்லு. விக்காத மிச்சத்தயெல்லாம் அங்க கட்டுன புதுக் கட்டடத்தோட அஸ்திவாரத்துல போட்டு சிமெண்ட் ஊத்திட்டாங்க. இப்ப அதத் தோண்டுற ஆளு ஒருத்தன் ரகசியமா எடுத்துக் குடுத்தான்."

"பொதச்சத எதுக்கு வீட்டுக்குக் கொண்டு வர்ற?"

சில்லின் ஓரத்தில் சிமெண்ட் ஒட்டியிருந்தது. நடுவில், மேசைக்குப் பின்னால் நிற்கும் ஒரு பெண். கழுத்தைத் திருப்பித் தன் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். எதைப் பார்க்கிறாள் என்று லவோனுக்குத் தெரியும். கேசினோவில் சீட்டுப் போடுகிறவள், மாற்று ஆள் வந்து தோளைத் தொடாமல் மேசையை விட்டு நகரக் கூடாது. தொட்டபின் கைகளைத் தட்டி, எதையும் எடுக்கவில்லை என்று உள்ளங்கைகளை விரித்துக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும்.

இன்றும் சத்தம் நிற்கவில்லை. லவோன் போர்வைக்குள் இருந்தபடியே போன் செய்தாள்.

"எங்க இருக்க?"

"டெர்மினல் வாசல்ல. ஏன் செல்லம், தூங்கலியா?" பின்னால் பெட்டிச் சக்கரங்கள் கடகடத்தன.

ஆக, அவன் இல்லை. அந்தப் பெண் மட்டும் இருக்கிறாள். சாவி கொடுத்து வைத்திருக்கிறான்.

கோபம்தான் லவோனை அந்த அறைக் கதவுவரை நடத்தியது. திறந்தாள். வாசனை முகத்தில் அறைந்தது. ஜன்னல் தாளின் கிழிசல் வழியே விழுந்த ஒளிக்கீற்றில், மேசையருகே, ஒருத்தி முதுகைக் காட்டி நின்றாள். தொங்கிப்போன தோள்கள்.

"யாருடி நீ?"

அவள் திரும்பவில்லை. கை மட்டும் உருட்டியது.

லவோன் எட்டி அவள் தோளைப் பிடித்தாள்.

குளிர். ஈரம். விரல்கள் உள்ளே அமிழ்ந்தன.

சத்தம் நின்றது.

அவள் கைகள் ஒருமுறை தட்டிக்கொண்டன. இரண்டு உள்ளங்கைகள் லவோன் முகத்துக்கு நேரே விரிந்தன. ரேகை இல்லை. பூசி வழித்ததுபோல வழவழப்பு.

பிறகு அவள் விலகி வழிவிட்டாள். லவோனின் கால்கள், வேலைப் பழக்கத்தில், அந்த இடத்துக்குள் போய் நின்றன.

கையில் சில்லுகள். சரிந்தன. சேர்ந்தன. நிறுத்த முடியவில்லை.

டுவைட் வந்த சத்தம் கேட்டது. கூப்பிட வாய் திறந்தாள். நாக்கில் சிமெண்ட் இறுகியிருந்தது.

அடுத்த அறையில் கட்டில் கிறீச்சிட்டது. லவோன் படுக்கும் இடத்தில் யாரோ புரண்டு படுத்தார்கள்.

"எழுப்பிட்டனா?" டுவைட்டின் குரல் கிசுகிசுத்தது. "நீ தூங்கு செல்லம்."

படுக்கையறைக் கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

சில்லுகள் சரிந்தன. லவோன் கழுத்தைத் திருப்பி, தன் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.