பகையாளி அனுப்பிய மக்ரூன்

தங்கதுரை மேஜைமேல் கவிழ்ந்து கிடந்தார். வாயோரம் நுரை. அவருடைய செல்போன் மட்டும் ஓயவில்லை. ‘என்னலே, பதிலைக் காணோம்? ஓடி ஒளிஞ்சிட்டியா?’ என்று முகம் தெரியாத எவனோ கேட்டிருந்தான். அதற்குக் கீழே ஒரு படையே சிரித்திருந்தது.

தூத்துக்குடி முத்தையாபுரத்தில் அவருடைய பெயின்ட் கடைப் பின்னறைக்குள் சப்-இன்ஸ்பெக்டர் இந்துமதி நுழைந்தபோது ஆளை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டிருந்தார்கள். உயிர் இருந்தது, அவ்வளவுதான். தொங்கிய கையில் விரதத்துக்குக் கட்டிய மஞ்சள் காப்பு. அம்மன் கோயில் கொடைவிழா நெருங்கிவிட்டது.

மேஜையில் மக்ரூன் டப்பா திறந்திருந்தது. மேலே ஒன்று பாதி உடைந்து கிடந்தது. குனிந்தால் பூச்சிமருந்து வாடை குப்பென்று அடித்தது. கூடவே ஒரு துண்டுச்சீட்டு: ‘சண்டை போதும் அண்ணாச்சி. – ஜெஃப்ரி.’

நாற்காலிக் காலடியில் பிசுபிசுவென்று ஏதோ சிந்தியிருந்தது. அதைச் சுற்றி எறும்புகள் செத்துக் கிடந்தன. இந்துமதி அதையும் படம் எடுத்துக்கொண்டாள்.

ஊருக்கு அந்தச் சீட்டு போதாதா? தங்கதுரை நங்கூரக் கட்சி. ஜெஃப்ரி தராசுக் கட்சி. நாசரேத்துக்காரன், துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்ட். ஒருவர் முகத்தை ஒருவர் பாராமலே ஃபேஸ்புக்கில் ஆறு மாதமாக வறுத்தெடுத்துக்கொண்டவர்கள். ‘உனக்குப் பால் ஊத்தாம விடமாட்டேன்’ என்று ஜெஃப்ரி எப்போதோ எழுதியதை இப்போது ஊரே தூக்கிக்கொண்டு அலைந்தது. தேர்தலோ தலைக்குமேல். மதியத்துக்குள் ஸ்டேஷன் வாசல் முழுக்க நங்கூரக் கொடிகள். ஜெஃப்ரி வீட்டு ஜன்னலில் முதல் கல்லும் விழுந்தாயிற்று.

ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்த ஜெஃப்ரியிடம் இந்துமதி கேட்டாள், “மக்ரூன் நீ அனுப்பினதா?”

“ஆமா மேடம். நானே வாங்கி ஆட்டோவுல குடுத்துவிட்டேன். கர்த்தர் அறிய, மருந்து கிருந்து எதுவும் வைக்கலை.”

“அத்தனை நாள் ஏசின ஆளுக்குப் பலகாரமா?”

“சண்டை கொஞ்சம் ஆறினா ரெண்டு பேரு வந்து எண்ணெய் ஊத்துவானுவ மேடம். ‘கடல்வேந்தன்’னு ஒருத்தன், எங்க கட்சியாம். ‘முத்துமறவன்’னு ஒருத்தன், அவிய கட்சியாம். ஒருத்தன் சாமியை ஏசுவான், இன்னொருத்தன் சபையை ஏசுவான். ஆனா ரெண்டு பேருமே ‘தூத்துகுடி’ன்னுதான் எழுதுதானுவ. நடுவுல ‘க்’ கிடையாது. இந்த ஊர்க்காரன் எவனாவது அப்படி எழுதுவானா? மொதல்ல கவனிச்சது தங்கதுரை அண்ணாச்சிதான். ரெண்டும் ஒரே ஆளுதான்னு சாயங்காலம் நாங்க சேர்ந்து லைவ்ல சொல்லுறதா இருந்தோம்.”

“அவர் காப்புக் கட்டினது தெரியுமா?”

“ஐயோ!” அவன் முகம் செத்துப்போனது. “தெரிஞ்சா மக்ரூனையா அனுப்புவேன்? நேர்ல பாத்ததே இல்லையே மேடம்.”

ஏட்டு செல்லப்பாண்டி காதோரம் வந்தார். “நல்லாத்தான் கதை விடுதான். ரிமாண்டுக்கு எழுதிருவோமா? வெளிய கூட்டம் தாங்காது.”

“பொறுங்க அண்ணாச்சி. இன்னைக்கு இவனை உள்ள தள்ளினா, பிறகு நிரபராதின்னு யார் சொன்னாலும் ஊரு கேக்காது.”

நேரில் பார்த்த சாட்சி ஒருவன்தான்: சிவப்பிரகாஷ். கோயம்புத்தூர்க்காரன், நங்கூரக் கட்சியின் இணையப் பிரசாரத்தைக் காசுக்கு எடுத்து நடத்துகிறவன். ஆம்புலன்ஸுக்குச் சொன்னதும் அவனே. தோள்பையை மடியில் இறுக்கிக்கொண்டு வாக்குமூலம் எழுதினான்.

“போஸ்டர் காட்டப் போனேனுங்க மேடம். டப்பாவைத் தொறந்தாரு. விரதம்னு வெளியில காபி கூடத் தொடமாட்டாருங்க. வெறும் முந்திரியும் சர்க்கரையும்தானுங்களேன்னு நான்தான் சொன்னேன். ஒண்ணு எடுத்துப் பாதி தின்னாரு. என் கண்ணு முன்னாடியே சாஞ்சுட்டாருங்க.”

“வேற ஏதாவது குடிச்சாரா?”

“பச்சைத்தண்ணி கூட இல்லீங்க.”

இந்துமதி தாளை வாங்கிப் படித்தாள். ஒரு வரியில் அவள் கண் நின்றது. அவனை உட்காரச் சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

தங்கதுரையின் மனைவி ஐஸ்வர்யா அழுது அழுது குரலே போயிருந்தாள். “மக்ரூன் வந்திருக்கு, பிள்ளைகளுக்குக் கொண்டு வாரேன்னு போன்ல சொன்னாவ மேடம். காப்புக் கட்டினதுலேர்ந்து பகல்ல பதநீர் மட்டுந்தான். அந்தக் கோயம்புத்தூர்த் தம்பிதான் வாங்கிக் குடுப்பான். நல்ல பிள்ளை.”

நல்ல பிள்ளைதான். செல்லப்பாண்டி பதநீர் விற்கும் தேவகனியிடம் போய்விட்டு ஓட்டமாகத் திரும்பினார். “எல்லாரும் அங்கனயே பனையோலைப் பட்டையில குடிச்சிட்டுப் போவாவளாம் மேடம். பாட்டில்ல வாங்குத வெளியூர் ஆளு ஒருத்தன்தானாம். இன்னைக்கும் வாங்கியிருக்கான்.”

பின்னேரம் ஸ்டேஷனுக்குள் மூன்று பேர்: ஜெஃப்ரி, சிவப்பிரகாஷ், வாசலில் கூட்டத்தை நடத்திக்கொண்டிருந்த நங்கூரக் கட்சிச் செயலாளர் பால்துரை. ஜெஃப்ரியை ஜெயிலுக்கு அனுப்பாமல் கூட்டம் கலையாது என்று பால்துரை மேஜையைத் தட்டினார். தட்டிய கையிலும் மஞ்சள் காப்பு.

இந்துமதி புது மக்ரூன் டப்பா ஒன்றைத் திறந்து நீட்டினாள். “கோவப்படாதீங்க அண்ணாச்சி. முதல்ல ஒண்ணு எடுத்துக்கோங்க.”

பால்துரை வெடுக்கென்று கையை இழுத்தார். “ஐயையோ! காப்புக் கட்டியிருக்கேன், தெரியலையா? முட்டையிலலா செய்யுதாவ!”

சிவப்பிரகாஷின் கால் ஆட்டம் நின்றது.

“கேட்டீங்களா தம்பி?” என்றாள் இந்துமதி. “முட்டை வெள்ளைக்கருவை நுரைக்க அடிச்சு, அதுலதான் முந்திரியும் சீனியும் சேருது. இந்த ஊர்ல பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூட அது தெரியும். உங்களுக்குத் தெரியலை. காப்புக் கட்டின தங்கதுரை அதைத் தின்னதைக் கண்ணால பாத்தேன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. அதே தாள்ல நம்ம ஊர்ப் பேரையும் எழுதியிருக்கீங்க, ‘க்’ இல்லாம.”

“எழுத்துப்பிழைங்க மேடம்…”

“கடல்வேந்தனுக்கும் முத்துமறவனுக்கும் அதே பிழைதான். ரெண்டு கட்சிக்கும் ஒரே ஆளு. ஊரு ரெண்டுபட்டா கூத்தாடிக்குக் கொண்டாட்டம். கட்சியோட இணைய வேலை பாக்குத உங்களுக்குத் தெரியாம லைவ் நடக்குமா? இன்னைக்கு அது வந்திருந்தா உங்க கூத்து முடிஞ்சிருக்கும். அதனால விஷத்தைப் பதநீர்ல கலந்தீங்க. காலடியில சிந்தினதைக் குடிச்சு எறும்பு செத்துச்சு. ஜெஃப்ரி டப்பா தற்செயலா வந்தது உங்க அதிர்ஷ்டம். ஒண்ணை உடைச்சுப் போட்டு, மேல மருந்தைத் தூவி, பழியை அவன் தலையில கட்டினீங்க. பாட்டில் எங்க?”

அவன் கண் தோள்பைக்குப் போய்விட்டது. செல்லப்பாண்டி பையைப் பிடுங்கி, அடியிலிருந்து பாட்டிலை எடுத்தார்.

“அந்த டப்பாவை அவரு பிள்ளைகளுக்குன்னு எடுத்து வச்சிருந்தாரு,” என்றாள் இந்துமதி. “வேற யாராவது எடுத்துக் குடுத்திருந்தா என்னடா ஆயிருக்கும்?”

பால்துரை தலை குனிந்தபடியே வெளியே போய்க் கூட்டத்தைக் கலைத்தார்.

மறுநாள் காலையில் தங்கதுரை கண் விழித்தார். வாசலில் தயங்கி நின்ற ஜெஃப்ரியை மேலும் கீழும் பார்த்தார்.

“நீதானா அது?”

“நான்தான் அண்ணாச்சி.”

“காப்புக் கட்டினவனுக்கு மக்ரூன் அனுப்புதியே,” என்றார் தங்கதுரை, மூச்சு வாங்க. “உங்க கட்சிக்கு எப்பமும் புத்தி இவ்வளவுதாம்லே.”

ஜெஃப்ரி பதில் சொல்ல வாயைத் திறந்தான். பிறகு அழுதுவிட்டான்.