மொட்டை மாடியில் காய்ந்த புடவைகள்

காரைக்காலை ஒட்டிய தலத்தெருவில் வக்கீல் நீலாயதாட்சியின் வீட்டு முன்னறைதான் ஆபீஸ். அங்கே குமாஸ்தாவாக இருந்த அம்பலவாணனுக்கு ஒரு தீராத மனக்குறை உண்டு. அவர் சேர்ந்த நாளிலிருந்து வருகிற கேசெல்லாம் வரப்புத் தகராறு, வாய்க்கால் தகராறு, அதை விட்டால் பங்காளிச் சண்டை. மாத நாவலில் வருகிற துப்பறிவாளர்களுக்கு மட்டும் கொலையும் கடத்தலும் எங்கிருந்துதான் வந்து வாய்க்கின்றனவோ என்று அவர் பொருமாத நாள் இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று சட்டைப் பையில் ஒரு பூதக்கண்ணாடி வைத்திருந்தார். அதுவரை அது பத்திரங்களில் பொடி எழுத்துப் படிக்கத்தான் உதவியிருந்தது.

1984-ல் ஒரு சனிக்கிழமை காலை, அவருடைய குறை தீர்க்க ஒரு கேஸ் வாசலில் வந்து நின்றது.

வந்தவள் சுரக்குடி செல்லம்மா. நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவள். உட்காரச் சொல்லியும் உட்காராமல் கதவைப் பிடித்துக்கொண்டே பேசினாள்.

"எம் பொண்ணு பங்கஜவல்லியக் காணுங்கம்மா. மஸ்கட்டுல ஒரு வீட்டுல புள்ளையப் பாத்துக்குற வேலைன்னு ஏஜெண்டு தங்கப்பன் பாஸ்போர்ட்டெல்லாம் எடுத்தாரு. எடுத்தவரு கையில குடுக்காம அவரே வச்சிக்கிட்டாரு. போயிட்டு வந்த பொண்ணுங்க சொன்னதக் கேட்டுட்டு இவ மாட்டேன்னுட்டா. சொன்ன வேலை ஒண்ணாம், அங்க போனா வேற ஒண்ணாம். வெளியில விடாமப் பூட்டியே வச்சிருப்பாங்களாம். பாஸ்போர்ட்டத் திருப்பிக் குடுங்கன்னு கேக்க வியாழக்கெழம போனவ வூடு திரும்பல."

"தங்கப்பன் என்ன சொல்றார்?" என்று கேட்டார் நீலாயதாட்சி.

"மனசு மாறி அன்னைக்கே மெட்ராஸ் பஸ் ஏறிட்டாளாம். நேத்து ஏரோப்ளேனும் போயிட்டுதாம். போலீசுல கேட்டா, வயசு வந்த பொண்ணு, இஷ்டப்பட்டுப் போயிருக்கும்கிறாங்க. எங்கிட்டச் சொல்லாம அவ தெருமுனைக்குக்கூடப் போமாட்டாம்மா." செல்லம்மா கதவை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டாள். "அவ எங்க இருக்கான்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க."

அம்பலவாணனின் கை தானாகவே பூதக்கண்ணாடிக்குப் போயிற்று. செருப்பைக்கூட மாட்டிக்கொண்டு விட்டார். நீலாயதாட்சி மட்டும் அசையவில்லை. வீடு தீப்பிடித்தாலும் காப்பியை ஆற்றிக் குடித்துவிட்டு எழுந்திருக்கிற பெண்மணி அவர். குடித்து முடித்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டார்.

தங்கப்பனின் ஆபீஸ் காரைக்கால் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்தது. மேற்கே ஏதோ ஊரிலிருந்து வந்து ஆறேழு மாதமாக இங்கே கடை விரித்திருக்கிற ஆள். சுவரில் ஏரோப்ளேன் படம், மேஜையில் பிளாஸ்டிக் ரோஜா, முகத்தில் எந்நேரமும் ஒரு சிரிப்பு. இவர்கள் போனபோது மதியச் சாப்பாட்டுக்காக ஒரு இலைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"பங்கஜவல்லி சந்தோஷமாப் போயிட்டுதுங்க. நான் இந்த வாரம் பூரா ஆபீசை விட்டு நகரவே இல்லை, வேலை அப்படி. என் சம்சாரம் ராஜம் வேற ஊருக்குப் போயிருக்கா, வீட்டுல அடுப்பே எரியலை. வாங்க, கொஞ்சம் சாப்பிடுங்க. எள்ளுச்சாதம். கோயில் பிரசாதம், பக்கத்துக் கடைக்காரர் கொடுத்தார்."

அம்பலவாணன் இரண்டடி பின்னால் துள்ளினார். சனிக்கிழமை எள்ளுச்சாதம் என்றால் அது திருநள்ளாற்றுப் பிரசாதம்தான்; அவருக்கோ ஏழரைச் சனி நடந்துகொண்டிருந்தது. திருநள்ளாற்றுச் சனி பகவான் சன்னதியில் எதையும் விட்டுவிட்டு வரலாமே தவிர, பிரசாதம் உட்பட எதையும் எடுத்துக்கொண்டு வரக்கூடாது என்பது இந்தப் பக்கத்தில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். இருக்கிற சனி போதாதென்று இன்னொரு பிடி சாப்பிட வேண்டுமாக்கும் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டார்.

நீலாயதாட்சி பயப்படவில்லை. விரலால் இலையைத் தொட்டுப் பார்த்து, "சூடா இருக்கே" என்றார். "இப்பதான் கொண்டாந்து கொடுத்தாங்க" என்றார் தங்கப்பன்.

வெளியே வந்ததும் அம்பலவாணன் அடக்க முடியாமல் கிசுகிசுத்தார். "கண்டுபிடிச்சுட்டேம்மா. மேஜைக்கு அடியில அவன் செருப்பைக் கண்ணாடி வச்சுப் பாத்தேன். மணல். கடற்கரை மணல். பொண்ணைப் படகுல ஏத்தி இலங்கைக்குக் கடத்திட்டான்."

"காரைக்கால்ல யார் செருப்புலதான் மணல் இல்லை? உங்க காலைப் பாருங்க."

பார்த்தார். நிறைய இருந்தது. அவருக்கு முகம் சுருங்கிப் போயிற்று.

"செல்லம்மாவையும் கூப்பிடுங்க" என்றார் வக்கீலம்மா. "திருநள்ளாறு போயிட்டு வருவோம்."

"சாமி கும்பிடவாம்மா?"

"உங்களுக்குத்தானே ஏழரை நடக்குது. ஏறுங்க பஸ்ல."

சனிக்கிழமை என்றால் திருநள்ளாற்றில் எள் போட்டால் எள் விழாது. நள தீர்த்தக் குளத்தில் ஆணும் பெண்ணும் தலை நிறைய நல்லெண்ணெய் தேய்த்து முழுகி, கட்டியிருந்த துணியை அங்கேயே விட்டுவிட்டுப் புதுத்துணி கட்டிக்கொண்டு போனார்கள். துணியோடு சனியும் போய்விடும் என்று நம்பிக்கை. விட்ட துணிகளைக் குத்தகைக்காரரின் ஆட்கள் வாரிக் கரையில் அம்பாரமாகக் குவித்திருந்தார்கள்.

நீலாயதாட்சி செல்லம்மாவோடு ஒரு காப்பி ஓட்டல் மாடியில் போய் உட்கார்ந்துகொண்டார். அம்பலவாணனோ துண்டை முண்டாசாகக் கட்டி, நெற்றியில் பட்டையடித்து, வடநாட்டு யாத்ரீகர் என்ற நினைப்பில் லாட்ஜ் லாட்ஜாக நுழைந்தார். முதல் லாட்ஜில் "என்ன அம்பலவாணன், முழுக்கு ஆச்சா?" என்று கேட்டார்கள். இரண்டாவதில் ஒரு பெண்கள் அறைக்கதவைத் தட்டி வாங்கிக் கட்டிக்கொண்டார். மூன்றாவதில் மானேஜர் சுப்பையன் பிடரியில் கையை வைத்து வெளியே கொண்டுவந்து விட்டார்.

"எல்லா இடத்துலயும் பொம்பளைக் கூட்டம்தாம்மா" என்று திரும்பி வந்து மூச்சு வாங்கினார். "ஒவ்வொரு கதவாத் தட்டணும்னா விடிஞ்சுடும்."

"எந்தக் கதவும் தட்ட வேண்டாம். இந்தத் தெரு மாடியெல்லாம் பாருங்க. என்ன தெரியுது?"

"ஒண்ணுமில்லை. வெறும் கொடிக்கயிறு."

"அந்தப் பச்சைக் கட்டடம்?"

"ஆறு பழைய புடவை காயுது. அதுக்கென்ன?" அவரைப் பிடரியைப் பிடித்து வெளியேற்றிய மூன்றாவது லாட்ஜ் அதுதான்.

"கீழே ஒரு வேன் நிக்குது. கிளம்பறதுக்குள்ள சப்-இன்ஸ்பெக்டரைக் கூட்டிட்டு வாங்க. முண்டாசை அவுத்துட்டுப் போங்க."

சப்-இன்ஸ்பெக்டர் சேக் அலாவுதீன் சிவப்புத் தொப்பிக் கான்ஸ்டபிள் ஒருவரோடு வேண்டா வெறுப்பாக வந்தார். புடவை காய்வது எந்தச் சட்டப்படிக் குற்றம் என்று வழியெல்லாம் அம்பலவாணனைக் கேட்டுக்கொண்டே வந்தார். அம்பலவாணனுக்கும் அது தெரியவில்லை.

லாட்ஜ் வரவேற்பறையில் நீலாயதாட்சி கேட்டுக்கொண்டபடி, மாடியறைக்காரியை மானேஜர் சுப்பையன் அழைத்து வந்தார். ஈரத்தலையும் பெரிய குங்குமப் பொட்டுமாக ஒரு நடுத்தர வயசு அம்மாள் கைகூப்பிக்கொண்டு இறங்கி வந்தாள்.

"நாங்க சனி பகவானைக் கும்பிட வந்த கோஷ்டிங்க. நானும் அஞ்சு பொண்ணுங்களும். காலையிலதான் குளத்துல முழுக்குப் போட்டோம். பொண்ணுங்க அசந்து தூங்குதுங்க."

"மாடியில காயிறது உங்க புடவைங்களா?" என்று கேட்டார் நீலாயதாட்சி.

"ஆமாங்க. முழுக்குப் போட்ட புடவைங்கதான். அலசிப் போட்டிருக்கேன்."

சுப்பையன் கல்லாவை விட்டு எழுந்தே விட்டார். "முழுகின புடவையத் திரும்பக் கொண்டாந்தியாம்மா? ஆறு பேரு சனியையும் எம் மாடியிலயா காயப் போட்டிருக்க?"

"நல்ல புடவைங்க. அதைப் போய்த் தண்ணியில விடுவாங்களா யாராவது?"

சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "பள்ளிவாசலுக்குப் போற எனக்கே தெரியும் அது. சனிக்குப் பயந்து இவ்வளவு தூரம் வந்தவங்க அதைத் துவைச்சு மடிச்சு வீட்டுக்கு எடுத்துட்டுப் போக மாட்டாங்க. நீ யாரம்மா?"

"தங்கப்பன் சம்சாரம் ராஜமா இருக்கணும்" என்றார் நீலாயதாட்சி. "ஊருக்குப் போயிருக்கிறதாச் சொன்னார். ஆனா அவர் சாப்பிட்ட எள்ளுச்சாதம் இந்தக் கோயிலோடது. நம்ம பக்கத்துக் கடைக்காரர் எவரும் அதை வாங்கிட்டு வந்து இன்னொருத்தருக்குக் கொடுக்க மாட்டார். கொடுத்தவரும் வெளியூர், தின்னவரும் வெளியூர். சூடும் ஆறலை. ஆபீசை விட்டு நகராதவர் இன்னைக்குக் காலையில இங்கே வந்திருக்கார். சாமிக்குப் பயப்படாத மனுஷன் எதுக்குத் திருநள்ளாறு வரணும்? இங்கே யாரையோ வச்சிருக்கார். எந்த லாட்ஜ்னு தெரியாம இருந்தது. இந்த அம்மா சிக்கனம் அதையும் காட்டிக் கொடுத்துட்டுது."

"கையால தொட்டப்பவே தெரிஞ்சுட்டுதாம்மா?" என்றார் அம்பலவாணன் பரிதாபமாக. பிரசாதத்தைப் பார்த்து முதலில் துள்ளியது தாம்தானே என்று அவருக்கு ஆறவே இல்லை.

அதற்குள், பெண்களை ஏற்றிப்போக வந்து வேன் மறைவில் நின்ற தங்கப்பனைக் கான்ஸ்டபிள் தோளில் கைபோட்டு அழைத்து வந்தார். இடுக்கியிருந்த கைப்பையில் ஐந்து பாஸ்போர்ட்டுகள். ராஜத்தின் முந்தானையில் அறைச்சாவி.

கதவைத் திறந்ததும் பங்கஜவல்லி வெளியே வரவில்லை. மற்ற நான்கு பெண்களோடு சுவரோரம் ஒதுங்கினாள். வெளியே காலை வைத்தால் போலீஸ் பிடிக்கும் என்று சொல்லி வைத்திருந்தார்கள். எதிரே போலீசே நிற்கிறது. செல்லம்மா போலீசைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடிய பிறகுதான் அந்தப் பெண்ணுக்கு உயிர் வந்தது. அம்மாவும் மகளும் அழுத அழுகையில் சுப்பையனும் சேர்ந்து அழுதார்.

"அஞ்சு பேரும் சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டவங்க சார்" என்று தங்கப்பன் இன்னும் சிரித்தார்.

"கையெழுத்துப் போட்டா மனசு மாறக்கூடாதா?" என்றார் நீலாயதாட்சி. "பாஸ்போர்ட் யார் பேர்ல இருக்கோ அவங்க கையில இருக்கணும். பொண்ணுங்களை உள்ளே வச்சுப் பூட்டினதுக்குச் சட்டத்துல என்ன பேருன்னு இன்ஸ்பெக்டர் ஸ்டேஷன்ல சொல்லுவார்."

அவர்களில் அல்லி என்ற பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "எனக்குப் போகணும்தாங்க. வூட்ல சம்பாதிக்க வேற ஆள் இல்ல. இனிமே போவக்கூடாதா?"

"யார் சொன்னா? தாராளமாப் போ. யார் வீடு, என்ன வேலைன்னு தெரிஞ்சுக்கிட்டு, நேரான வழியில போ. என்னைக்கு வேணாம்னு தோணுதோ அன்னைக்குத் திரும்பி வா. அதுக்கான ஒப்பந்தத்தை நான் எழுதித் தர்றேன்."

தங்கப்பனும் ராஜமும் போலீசோடு நடந்தார்கள். பாஸ்போர்ட்டுகள் அவரவர் கைக்குப் போயின. பங்கஜவல்லி தன்னுடையதைத் திறந்து, தன் படத்தையே வெகுநேரம் பார்த்தாள்.

"இத வூட்டுல வச்சா எலி கடிச்சிடும்டி" என்றாள் செல்லம்மா. "குமாஸ்தா ஐயாகிட்டக் குடுத்துடு. ஆபீஸ் பீரோவுல பத்திரமா இருக்கும்."

அம்பலவாணனுக்குப் பெருமை தாங்கவில்லை. "அஞ்சு பேரும் கொடுங்க. சாவி என்கிட்டத்தான் இருக்கு" என்று கையை நீட்டினார்.

பங்கஜவல்லி அதை மூடி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"வேணாங்கய்யா. பத்திரமா இருக்கும்னு சொல்லித்தான் அவரும் வாங்குனாரு."

மற்ற நான்கு பேரும் செருகிக்கொண்டார்கள். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அம்பலவாணன் அதைக் கூப்பி ஒரு கும்பிடு போட்டார்.