கரைக்கு வெளியே விட்ட வீடு

கணவனின் சட்டையில் அறுந்திருந்த பொத்தானை யாரோ தைத்திருந்தார்கள். நூலைக் குறுக்காக ஓட்டி, அடியில் சுற்றி இறுக்கிய முடிச்சு. அவள் தைக்கிற விதமேதான். ஆனால் அவள் தைக்கவில்லை.

"யாருங்க தைச்சது?"

"நீதான்," என்றான் அவன், காலில் ஒட்டிய சேற்றைக் கழுவியபடி. "சாப்பாடு வேணாம். பசிக்கல."

கொஞ்ச நாளாக இதே பாட்டு. மாலையில் கடல்தண்ணீர் வற்றியதும் கரை தாண்டிப் போகிறான். வயிறு நிறைந்து வருகிறான். சட்டையில் வதக்கிய வெங்காய வாசனை. எவளோ ஒருத்தி.

கடலோடு மல்லுக்கட்டி மாளாது, கொஞ்சம் இடம் விட்டால்தான் ஊர் பிழைக்கும் என்று கழிமுகத்துப் பழைய கரையை அதிகாரிகளே உடைத்துவிட்டு, உள்ளே தள்ளிப் புதுக்கரை போட்டிருந்தார்கள். நடுவில் மாட்டிய வீடுகளையெல்லாம் கதவு, ஜன்னல் கழற்றி இடித்தாயிற்று. இவள் மட்டும் இடிக்க விடவில்லை. தன் கதவை எவளாவது வாங்கி மாட்டிக்கொள்வாளே என்று நினைத்தாலே பற்றிக்கொண்டு வந்தது. எனக்கில்லாத வீடு எவளுக்கும் வேண்டாம், தண்ணீரே கொண்டுபோகட்டும் என்று அடுப்பைக்கூட நகர்த்தாமல் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, கரைக்குள்ளே புது வீட்டுக்கு வந்தாள். "கடலுக்குப் பூட்டாம்மா?" என்று ஓவர்சியர்கூடச் சிரித்தார்.

மறுநாள் அவன் கிளம்பியதும் பின்னாலேயே போனாள். கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும். கரை இறங்கியதும் உப்பும் அழுகிய புல்லும் கலந்து நாறியது; வயல் இருந்த இடமெல்லாம் கணுக்கால் புதைகிற சேறு, அதில் நண்டு வளைகள் பொட்டுப் பொட்டென்று வெடிக்கிற சத்தம், அதற்கும் அப்பால் உடைத்த வாய் வழியாகக் கடல் திரும்பி வருகிற இரைச்சல். தெரிந்தேதான் நடந்தாள். தலைக்கு மேலே வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன.

வீட்டில் விளக்கு எரிந்தது. அவள் வீட்டில்.

கதவில் அவள் போட்ட பூட்டு அப்படியே தொங்கியது. இடுப்பிலிருந்து எடுத்த சாவி நுழையவில்லை. ஜன்னலுக்கு ஓடினாள்.

உள்ளே தரை காய்ந்து கிடந்தது. அவன் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். புது வீட்டுக்கு வந்ததிலிருந்து சிரிக்காதவன், சிரித்தான். பரிமாறுகிறவளின் முதுகுதான் தெரிந்தது. இவள் விட்டுவந்த பச்சைச் சேலை. இவள் கரண்டி.

"யாருடி நீ?" கம்பியை உலுக்கினாள்.

முழங்காலுக்குத் தண்ணீர்.

பரிமாறியவள் திரும்பினாள். இவள் முகம். நன்றாகத் தூங்கி எழுந்த முகம். இடுப்பில் சாவி.

இவள் சாவி பிடித்த கையை விரித்துப் பார்த்தாள். ஒரு கிளிஞ்சல்.

"வெளிய யாரோ நிக்கிற மாதிரி இருக்குங்க."

அவன் நேராக இவளைப் பார்த்தான். "யாருமில்ல. தண்ணி ஏறுது, ஜன்னலைச் சாத்து."

இடுப்பு. மார்பு.

ஜன்னல் சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

கழுத்து.

இடுக்கு வழியே வெங்காய வாசனை வந்தது. தண்ணீர் வாய்க்கு ஏறியபோது, உள்ளே அவன் இன்னும் கொஞ்சம் போடச் சொல்லிக் கேட்டான்.