ஆறாத பானட்

மூன்று நாளாக யாரும் சாவி போடாத வண்டியின் பானட் சூடாக இருந்தது. வெண்டெல் கையுறையைக் கழற்றிவிட்டு மறுபடியும் தொட்டுப் பார்த்தார். யாரோ இப்போதுதான் ஓட்டி வந்து நிறுத்திவிட்டுப் போனது போன்ற சூடு. வெளியே மிச்சிகனின் ஜனவரி. ஷெட்டுக்குள் வாளித் தண்ணீர்கூட உறைந்து கிடந்தது.

"இன்னிக்குமா?" என்றார் வண்டியைப் பார்த்து. பயத்துக்கு முன்னால் அலுப்புதான் வந்தது. எழுபத்தொரு வயதில் பயப்படுவதற்கும் தெம்பு வேண்டியிருக்கிறது.

1969-ஆம் வருடத்து பான்டியாக் ஜி.டி.ஓ. கார். கரும்பச்சை நிறம், புதுப்பித்தெடுக்கப் பதினோரு வருட உழைப்பு. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது கைக்கு வந்ததெல்லாம் அந்த இரும்புக்குள்தான் போயிருந்தது. மனைவி இறந்த பிறகு, வெயில் ஊரான அரிசோனாவில் மகள் ஜோலீன் அவருக்கென்று ஓர் அறையை ஒழித்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். இது விற்றால் போதும், பனியை வாரிக் கொட்டும் வேலைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பிவிடலாம். விற்றால்தானே.

பழைய வண்டி வாங்க வருகிறவர்கள், நலம் விசாரிப்பதற்கு முன்னால் பானட்டில் உள்ளங்கையை வைப்பார்கள். ஆறிக்கிடக்கிற எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது என்பதில்தான் அதன் உடல்நிலை தெரியும். முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் விற்கிறவன் எதையோ மறைக்கிறான் என்று அர்த்தம். இதுவரை மூன்று பேர் வந்தார்கள், தொட்டார்கள், போனார்கள். மூன்றாவது ஆள் சொன்னது இன்னும் காதிலேயே நிற்கிறது. "ஏன் பெரியவரே, தலை நரைச்சும் இந்தப் பித்தலாட்டமா?"

பித்தலாட்டம் இருந்தது. ஆனால் அது வேறு.

அவர் முதலில் வாங்கிய வண்டியின் உடல் துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. அதே வருடத்து வண்டி ஒன்று ஒஹாயோவில், எடித் ஹாஸ் என்ற விதவையின் களஞ்சியத்தில் துருப்படாமல் கிடந்தது. அதை வாங்கப் போனார்.

"என் பையன் ராய்ஸோடது, தம்பி" என்றாள் அந்தம்மா. "குளிருக்கு எஞ்சினை ஓடவிட்டு, ஹீட்டரைப் போட்டுக்கிட்டு உள்ளயே தூங்கிட்டான். களஞ்சியக் கதவு சாத்தியிருந்துச்சு. புகை வெளியே போக வழியில்ல. அப்புறம் அவன் எந்திரிக்கவே இல்ல. முன்கண்ணாடிக்குக் கீழ கம்பெனிக்காரன் அடிச்ச நம்பர் தகடு இருக்கு பாருங்க, அதை மட்டும் எடுத்துடாதீங்க. அது இருக்கிறவரைக்கும் இது அவன் வண்டி."

"எடுக்க மாட்டேம்மா" என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னார். வீட்டுக்கு வந்து அதைத்தான் முதலில் எடுத்தார். பெரிய எஞ்சினும் விலைபோகிற காகிதமும் அவருடைய பழைய வண்டிக்குத்தானே இருந்தன. அந்த எஞ்சினை ராய்ஸின் வண்டிக்குள் இறக்கினார். ராய்ஸின் தகட்டை இரண்டாக வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, அந்த இடத்தில் தன் தகட்டை ஆணி அடித்துப் பொருத்தினார். விளம்பரத்தில், 'எஞ்சின், உடல், காகிதம், எல்லா நம்பரும் பொருந்தும்' என்று கூசாமல் எழுதினார்.

மூன்று மணிக்கு இண்டியானாவிலிருந்து டாரல் பிங்கம் வருகிறான். இனிமேல் கேட்டு வருவதற்கு வேறு ஆள் இல்லை.

பேட்டரியை நேற்றே கழற்றிச் சமையலறையில் வைத்தாயிற்று. பெட்ரோலையும் வடித்தாயிற்று. இப்போது பானட்மேல் தார்ப்பாயை விரித்து, வாசலிலிருந்து பனியை மண்வெட்டியால் வாரி வாரிக் கொட்டினார். இடுப்பு விட்டுப்போனது. பனி சத்தமில்லாமல் குழிந்து, நீராகி, தார்ப்பாயின் ஓரமாக வழிந்து, சிமென்ட் தரையில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருக்க, எங்கிருந்தோ புகையின் இனிப்பு கலந்த நெடி மூக்கில் ஏறியது.

அப்போதுதான் கண்ணாடிகளைப் பார்த்தார். எல்லாம் உட்பக்கமாக ஆவி படிந்து வெளுத்திருந்தன. முன்கண்ணாடியின் கீழ் மூலையில் மட்டும், நம்பர் தகட்டுக்கு நேர் மேலே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம். துடைத்த வட்டம். உள்ளேயிருந்து.

வெண்டெல் மண்வெட்டியைக் கீழே போட்டார். அவமானமாக இருந்தது.

"என் தகட்டை எடுத்துடறேன்ப்பா, ராய்ஸ்" என்றார். "வர்றவன்கிட்ட உண்மையைச் சொல்லிடறேன். விக்காட்டிப் போகுது. சும்மா விட்டுடு என்னை."

தார்ப்பாயை இழுத்துப் போட்டார். வியர்த்த கோட்டையும் தொப்பியையும் ஆணியில் மாட்டிவிட்டு, தகட்டை நெம்பத் திருப்புளியுடன் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. மெதுவாக. மரியாதையாக.

உள்ளே கதகதப்பு. பாதத்திலிருந்து ஏறி இடுப்பு வலியைத் தடவிக் கொடுத்தது. இந்தக் குளிர்காலத்தில் ஒருநாள்கூட அவர் உடம்பு இப்படித் தளர்ந்ததில்லை. ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று தோன்றியது.

வெளியே டிரக் வந்து நின்ற சத்தத்தில் விழித்தார்.

கதகதப்பு இல்லை. எலும்பைத் துளைக்கிற குளிர். கைப்பிடியை இழுத்தார். அசையவில்லை. கத்தினார். குரல் வரவில்லை. ஆவி படிந்த கண்ணாடியைத் துடைத்தார்.

தாடிக்காரன் ஒருவன் பானட்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டிருந்தான். டாரல்.

"ஐஸ் மாதிரி இருக்கு. ரொம்ப நேர்மையான ஆளுங்க நீங்க."

"நம்பரையும் பாத்துக்குங்க" என்றது ஒரு குரல். வெண்டெலுக்கு நன்றாகத் தெரிந்த குரல்.

டாரல் குனிந்தான். காகிதத்தையும் தகட்டையும் மாறி மாறிப் பார்த்தான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம், ஒரு சாண் தூரத்தில், வெண்டெல் இரண்டு கையாலும் அடித்துக்கொண்டிருந்தார். டாரலின் கண் அவரைத் தாண்டிப் போனது.

"எல்லாம் பொருந்துது, பெரியவரே. பேட்டரியை மாட்டி, பெட்ரோலை ஊத்தி, கிளப்பிப் பாத்துட்டு முடிச்சுக்கலாம்" என்று கை குலுக்கினான். "அட, இந்தக் குளிர்லயும் உங்க கை என்ன இப்படிக் கதகதன்னு இருக்கு!"

அந்தக் கையின் சொந்தக்காரர் திரும்பினார். வெண்டெலின் கோட்டு. வெண்டெலின் தொப்பி. வெண்டெலின் முகம். அதற்குள்ளே, தூங்கி எழுந்த ஓர் இளைஞனின் கண்கள்.

"நாளைக்கே என் மக வீட்டுக்குக் கிளம்பறேன். எனக்குன்னு ஒரு ரூம் வச்சிருக்கா" என்றார் அவர்.

கண்ணாடியின் உட்பக்கம் உறைபனி கட்டத் தொடங்கியது. வெண்டெல் துடைத்தார். மூடியது. துடைத்தார். தகட்டுக்கு மேலே, உள்ளங்கை அகலத்துக்கு.