மாற்ற முடியாத முகப்பு

காலையில் கணினிகள் ஒவ்வொன்றாக விழித்தபோது, வெறும் நீலமாக இருக்க வேண்டிய திரைகளின் மூலையில் ஒரு கறுப்புப் பட்டை சாய்வாகக் கிடந்தது.

நாஹித் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். அலெக்ஸாண்ட்ரியாவின் அந்தக் குடிநீர்க் கட்டண அலுவலகத்தில் கணினிகளுக்கெல்லாம் அவள்தான் பொறுப்பு. கூட வேலை பார்த்த ஹாஜி ஃபத்தூஹ் இறந்தபோது, மூலையில் கறுப்புப் பட்டை போட்ட அவர் படத்தை எல்லோரும் தங்கள் திரையில் வைத்துக்கொண்டார்கள். நாற்பதாம் நாள் துக்கம் கழிந்தும் எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. பணம் கட்ட வருகிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்று மேலாளர் குதித்தார். முந்தின நாள்தான் நாஹித் இருந்த இடத்திலிருந்தே எல்லாத் திரைகளுக்கும் நீலத்தைப் போட்டு, இனி ஒருவரும் மாற்ற முடியாதபடி பூட்டினாள். செத்தவர் முகத்தை வழித்துப் போடுகிறோம் என்பது அவளுக்கு உறைக்கவே இல்லை. கணவன் இறந்துபோனதிலிருந்தே அவளுக்கு எதுவும் சரியாக உறைப்பதில்லை. பட்டாளத்தில் இருக்கும் ஒரே மகன் வஸீம் விடுப்பில் வரும்போது மட்டும் வீட்டில் விளக்கு எரிவது தெரியும். இந்த வாரம் வருகிறான்.

"என்ன மேடம், படத்தைத் தூக்கிட்டு பட்டையை மட்டும் விட்டு வெச்சிருக்கீங்க? யாருக்குத் துண்டு போட்டிருக்கீங்க?" கவுன்டரில் பணம் வாங்கும் ஷுக்ரி கேட்டான்.

"உனக்குத்தான். வாயை மூடிட்டு பில்லைப் போடு."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் பூட்டைத் திறக்கப் போனாள். 'இதை மாற்ற உங்களுக்கு அனுமதி இல்லை. நிர்வாகியை அணுகவும்' என்றது திரை. நிர்வாகி அவள்தான்.

மறுநாள் நீலத்தின் அடியில் ஒரு தோள் தெரிந்தது. வெளியே டிராம் தண்டவாளத்தை அரைத்துக்கொண்டு போனது. கடல் ஈரமும் புதினாத் தேநீரும் பழைய காகிதமும் கலந்த வழக்கமான வாசனைக்குள், கழுவிய பிணத்தின் கற்பூர வாசனை மெல்லப் புகுந்து உட்கார்ந்துகொண்டது. தோளுக்குப் பிறகு கட்டம் போட்ட சட்டை வந்தது. கட்டச் சட்டை போட்டு வந்தவர்கள், அடுத்த படம் தங்களுடையதாகிவிடுமோ என்று வீட்டுக்கு ஓடி மாற்றிக்கொண்டு வந்தார்கள். ஷுக்ரி கேலி பேசுவதை நிறுத்தினான். நாஹித் மின்கம்பியை உருவினாள், திரை இருண்டது; திரும்பச் சொருகினாள், படம் இன்னும் கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. அதன்பின் அவள் எதையும் தொடவில்லை. பயப்பட வேண்டும் என்று தெரிந்தது, ஆனால் பயம் மரத்த காலைப்போல் வர மறுத்தது.

வஸீம் வரும் நாளன்று சட்டைக் காலர் தெளிந்தது. நைந்துபோன பக்கத்தைப் பிரித்து, திருப்பித் தைத்த காலர். அவளே தைத்தது.

போன் போட்டாள். அவன் உடனே எடுத்தான்.

"எங்கடா இருக்கே?"

"பஸ்லம்மா. தமன்ஹூர் தாண்டிட்டேன்."

"என்ன சட்டை போட்டிருக்கே?"

"நீ காலர் மாத்தித் தெச்சியே, அந்தக் கட்டம் போட்டது. ஏன்?"

"கழட்டு."

"பஸ்லயா? பக்கத்துல ஒரு அத்தை இருக்காங்கம்மா, அலறிடுவாங்க!"

"கழட்டுடா, வஸீம்."

திரைகளில் தாடை வந்தது. பிறகு உதடு. சிரித்துக்கொண்டிருந்தது.

நாற்காலிகள் நகர்ந்தன. எல்லோரும் எழுந்தார்கள். ஒருவரும் திரையைப் பார்க்கவில்லை. அவளையும் பார்க்கவில்லை. வரிசையாக வந்தார்கள். முதலில் ஷுக்ரி. அவள் கையைத் தன் இரு கைகளாலும் பிடித்தான். குளிர்ந்த கை.

"அவன் வாழாம விட்ட மிச்ச ஆயுசு உங்களுக்குச் சேரட்டும், மேடம்."

"யாரும்மா அது?" போனில் வஸீம். "என்ன சொல்றாரு? நான் நல்லாத்தானே இருக்கேன். அம்மா?"

இந்த ஆறுதல் வார்த்தைக்கு எத்தனையோ துக்க வீடுகளில் சொல்லிப் பழகிய பதில் வாய்க்கு வந்தது. நாக்கைக் கடித்தாள். அது நிற்கவில்லை.

"உங்க ஆயுசும் நீளட்டும்."

"அம்மா, அப்படிச் சொல்லாதே! அம்மா!"

எல்லாத் திரைகளிலும் வஸீமின் கண்கள் திறந்தன. காதில் அவன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். அடுத்த கை நீண்டது. நாஹித் அதைப் பிடித்தாள்.